அடைக்கு உட்கார்ந்த கம்பளி வண்டு

மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்ட பதினோராம் நாள் காலையில், எனக்கு ஏழாம் மாசத்திலேயே பிள்ளை பிறந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தபோது, கூரைத் தகரத்தில் உப்பு தூவினாற்போல் கிடந்த உறைபனி இன்னும் உருகத் தொடங்காதபோது, எங்கள் வீட்டுக் கதவைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு ஒரு கம்பளி வண்டு உள்ளே வந்தது. கோழியைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரம் அளவு இருந்தது. நனைந்த நாய் மாதிரி உடம்பை உதறி முதுகு மண்ணைத் தரையெல்லாம் சிதறவிட்டு, ஆறு காலையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கட்டிலில் ஏறி, என் பிள்ளைமேல் அடைக்கு உட்கார்ந்தது.

"கதவைச் சாத்துங்க, குளிர் வருது" என்றார் நர்ஸம்மா.

என் வீட்டுக்காரர் அழகுவேல் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அறையில் நானும் அவரும், அவருடைய அக்கா அங்கம்மா மதினியும், நர்ஸ் பிலோமினாவுமாக நாலு பேர். பிள்ளையோடு ஐந்து, இப்போது வண்டோடு ஆறு.

"இது கொட்டுமா?" என்று அவர் கேட்டார்.

"கொட்டுறதா இருந்தா கதவைத் தட்டிக்கிட்டா வரும்?" என்றார் நர்ஸம்மா.

"எங்க தட்டுச்சு, முட்டிக்கிட்டுல்ல வந்துச்சு" என்றாள் மதினி.

எங்கள் ஊர் தவளைக்குழி, கொடைக்கானல் மேல்மலையில் கடைசி பஸ் திரும்புகிற இடத்திலிருந்தும் இரண்டு மைல் மேலே இருக்கிறது. நாற்பத்தோரு வீடு, படிப்படியாக வெட்டின காட்டில் பூண்டும் கேரட்டும் பட்டாணியும், மார்கழி வந்தால் வாளித் தண்ணீருக்குமேல் கண்ணாடி போர்த்துகிற குளிர். அந்தக் கார்த்திகையில் விட்டுவிட்டுப் பெய்யாமல் ஒரே மூச்சாகப் பெய்த மழையில் ரோடு மூன்று இடத்தில் போய்விட்டது, கரண்டுக் கம்பம் ஒன்பது சாய்ந்துவிட்டது, மழை நின்ற மறுநாளே பனி இறங்கிவிட்டது. நடந்து இறங்க ஒற்றையடிப் பாதை இருந்தது. ஆனால் இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆறு மணி நேரம் இந்தக் குளிரில் நடந்தால் கீழே போய்ச் சேருவது நாம் மட்டும்தான் என்று நர்ஸம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பூண்டு நிறுக்கிற தொங்குதராசில் துண்டைத் தொட்டிலாகக் கட்டி நிறுத்தபோது, துண்டு போக ஒரு கிலோ இருநூறு கிராம் இருந்தான். ஊருக்குள் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான கொண்டைப்பாறைக்கு ஏறிப் போய் நர்ஸம்மா டாக்டரிடம் பேசியதில், சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரோடு திறக்கிறவரை வேறு வைத்தியம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பாட்டில் பாட்டிலாக வெந்நீர் ஊற்றிப் பக்கத்தில் வைத்தோம், வைத்த பாட்டில் எல்லாம் பத்து நிமிஷத்தில் எங்களைப் போலவே குளிர்ந்துபோனது. தெர்மாமீட்டர் தொண்ணூற்று நாலுக்குமேல் ஏற மாட்டேன் என்றது. பிள்ளை அழவில்லை. அழுவதற்குக்கூடச் சூடு வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வண்டு உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் தொடங்கியது. றெக்கை அசையவே இல்லை, மடித்து வைத்தது வைத்தபடி இருக்க, நெஞ்சுக்கூடு மட்டும் உள்ளுக்குள்ளேயே நடுங்கி, ரைஸ்மில் ரொம்ப தூரத்தில் ஓடுகிற மாதிரி ஒரே சீராக முனகியது. அதன் உடம்பு கறுப்பு, கழுத்தைச் சுற்றி மஞ்சள் மப்ளர், வால்பக்கம் சாம்பல் வெள்ளை. ஆறு காலையும் மெத்தையில் ஊன்றித் தன் பாரத்தைப் பிள்ளைமேல் இறக்காமல், தொட்டும் தொடாமலும் கவிழ்ந்திருந்தது. நர்ஸம்மா அதன் அடியில் கையை விட்டுத் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தார்.

"தொண்ணூத்தாறு" என்றார். அரை மணி கழித்து, "தொண்ணூத்தி எட்டு" என்றார். பிறகு தன் நோட்டைத் திறந்து, சிகிச்சை என்ற இடத்தில், 'வெதுவெதுப்பாக வைக்கப்பட்டது' என்று எழுதினார். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

மண் சிந்தின வழியைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் போய்ப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் பேரிக்காய் மரத்தடியில், வெட்டின மண்மேட்டில், ஒரு பொந்து இருந்தது. உள்ளே தானியக்குதிர் மாதிரி வழவழப்பாக, சொட்டு ஈரம் இல்லாமல், நடுவில் ஒரு உடம்பு படுத்த பள்ளம். குளிர்காலத்துக்கு அங்கே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை குளிர்காலமாக என்று சொல்ல ஆள் இல்லை. பிள்ளை குளிரில் நடுங்கினது தூக்கத்தில் கேட்டு எழுந்து வந்திருக்கும் என்றார் வேலப்பர் கோயில் பூசாரி. எலி நோண்டி முழிப்பு வந்திருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். இரண்டில் எது என்று யாரும் அதற்குமேல் விசாரிக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் ஊருக்கு அடுத்த கேள்வி வந்துவிட்டது: இது என்ன தின்னும்?

அதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மத்தியானம் வெயில் தலைகாட்டியதும் வண்டு எழுந்து, கட்டிலை விட்டு இறங்கி, கதவைப் பார்த்து நின்றது. மதினி திறந்துவிட்டாள். அரை மணி நேரம் பிள்ளையை நான் ஸ்வெட்டர், துண்டு, கம்பளி என்று ஐந்து சுற்றுச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சுவாமி படத்தைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தேன். திரும்பி வந்தபோது அதன் பின்னங்காலில் எலுமிச்சை அளவு இரண்டு மகரந்த உருண்டை ஒட்டியிருந்தது. தன் வயிற்றிலிருந்தே மெழுகு எடுத்துக் கட்டில் தலைமாட்டில் டம்ளர் அளவு ஒரு குடுவை செய்து ஒட்டி, அதில் தேனைக் கக்கி நிரப்பி, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமலே நாக்கை நீட்டிக் குடித்துக்கொள்கிற மாதிரி வசதி பண்ணிக்கொண்டது. அதைப் பார்த்தபிறகுதான் இது இருக்க வந்திருக்கிறது என்று எனக்குத் தைரியம் வந்தது. ஒரு பொம்பளை தன் டம்ளரை ஒரு வீட்டில் எடுத்து வைத்துவிட்டாள் என்றால் அப்புறம் அவள் விருந்தாளி இல்லை.

மறுநாள் காலையில் சடையாண்டி மாமா வாசலில் வந்து நின்றார். எனக்கு ஒன்றுவிட்ட மாமனார் முறை. எங்கள் வீட்டுக்குக் கீழே நாலு படிக்கட்டுக் காடு முழுக்க அவருடைய பட்டாணி அப்போது வெள்ளை வெளேர் என்று பூத்திருந்தது.

"ஏத்தா சுகந்தி, உன் வண்டு என் காட்டுல மேயுது."

"மேயட்டும் மாமா. செடியவா திங்கப்போகுது, பூவுல இருக்கிறதைத்தானே."

"நாளைக்கு மருந்தடிக்கிறேன். காய்ப்புழு விழுந்திருச்சு. அப்புறம் சொல்லலைன்னு சொல்லாத."

"அடிங்க. எந்தப் பூவுல அடிச்சிருக்கு, எந்தப் பூவுல அடிக்கலைன்னு அதுக்கிட்டச் சொல்லிட்டு அடிங்க."

அவர் எட்டிக் கட்டிலைப் பார்த்தார். வண்டு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, அதற்கு வேலை இருந்தது.

"எத்தனை நாளைக்கு?"

"நாப்பது நாள் ஆகலாம்னு நர்ஸம்மா சொல்றாங்க."

"நாப்பது நாளு. அதுவரைக்கும் புழு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்குமா?"

"புழுவை நாங்க பாத்துக்கிறோம். நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

வாயால் சொல்லிவிட்டேன், ஆனால் எழுந்து நடக்கவே எனக்குப் பத்து நாள் ஆகும். அங்கம்மா மதினி வீடு வீடாகப் போனாள். என்ன பேசினாளோ தெரியாது. மறுநாள் பனி உருகியதும் பதினாலு பெண்கள் ஆளுக்கொரு பால்பவுடர் டப்பாவோடு சடையாண்டி மாமா காட்டில் இறங்கி, பூப் பூவாக, கொழுந்து கொழுந்தாகப் புரட்டிப் புழுப் பொறுக்கினார்கள். அவர் வரப்பில் நின்றுகொண்டு, கொடியை மிதிக்கிறீங்க, பேச்சைக் குறைங்க, அந்த மூலையை விட்டுட்டீங்க என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். ஊரில் இருந்த மருந்து டப்பா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பஞ்சாயத்து டிவி ரூமில் போட்டுப் பூட்டி, சாவியை நர்ஸம்மா கழுத்துச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டார்.

தீட்டு வீட்டுக்குள் போய்வருகிற வண்டு கோயில் நந்தவனத்துப் பூவில் உட்காரலாமா என்று ஒரு பேச்சு வந்தது. பூசாரி ஒரு பகல் முழுக்க யோசித்தார். சாயங்காலம், "பிரசவம் பாக்க வந்த மருத்துவச்சிக்கு என்னைக்கு நாம தீட்டுப் பாத்தோம்?" என்று கேட்டுவிட்டு நந்தவனத்துப் படலைத் திறந்து வைத்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டி, திரும்பிப் போனதும் அதைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னார், எல்லாப் பிள்ளையும் முதல் வரியில் அது சூடாக இருக்கிறது என்றே எழுதியிருந்தது. மூன்றாம் நாளிலிருந்து யாரும் 'அது' என்று சொல்லவில்லை. 'அவ சாப்பிட்டாளா', 'அவ வெளிய போயிருக்காளா' என்றுதான் கேட்டார்கள்.

சூடு சுவர் வழியாக வெளியே கசியத் தொடங்கியது. எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் சாய்ந்தால் முதுகு வலி போகிறது என்று முதலில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு நாலு நாளாக உலராத துணியைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார்கள். பிறகு ஒருத்தி மாவுச் சட்டியைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்தாள். எங்கள் மலையில் மார்கழியில் மாவு புளிக்காது, கல்லு மாதிரிக் கிடக்கும். அன்றைக்குப் பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. மறுநாள் பதினேழு சட்டி. தவளைக்குழியில் பொங்கலுக்கு முன்னால் இட்லி பஞ்சு மாதிரி வந்தது அந்த வருஷம்தான், அதற்காகவே என் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட வீடுகளும் உண்டு, அதில் எனக்கு வருத்தம் இல்லை, வேண்டுதல் எதற்காக வந்தால் என்ன.

இப்படிப் பதினைந்து நாள் போனது. என் பாலைப் பீய்ச்சிச் சங்கில் ஊற்றினால் நாக்கைச் சப்புக்கொட்ட ஆரம்பித்திருந்தான். அடுக்கில் இருந்த பித்தளைப் பாத்திரமெல்லாம் வண்டின் முனகலுக்குக் கூடவே முனகிக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்தில் தூங்கி அந்தச் சத்தத்தில் எழுந்து, அது எப்போதும் இருக்கும் என்று நாங்கள் நினைத்துவிட்டோம்.

பதினாறாம் நாள் தீட்டுக் கழிக்கிற நாள். நர்ஸம்மா டாக்டரிடம் பேசக் கொண்டைப்பாறைக்குப் போயிருந்தார். அங்கம்மா மதினி வீட்டைக் கழுவி, மஞ்சத்தண்ணி தெளித்து, எனக்குத் தலைக்கு ஊற்றி, என்னைக் கட்டிலில் உட்கார்த்திவிட்டுப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பதினாறு நாளா ஒரு சொட்டுத் தண்ணி படலை. தலை கூடப் பிசுபிசுன்னு இருக்கு."

"தண்ணி ஊத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மதினி."

"தண்ணிதானே ஊத்தக்கூடாது. சாம்பிராணி காட்டக்கூடாதுன்னு சொல்லலையே. அந்த வாசமாவது படட்டும், பிள்ளை பெத்த வீடு மாதிரி இருக்கும்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நான்தான் சொன்னேன், "அவளுக்கும் சேத்துக் காட்டுங்க மதினி, பாவம், அவளும்தானே பதினாறு நாளா ஒரே இடத்துல உக்காந்திருக்கா."

மதினி தேங்காய்நார்க் கங்கில் சாம்பிராணியைப் போட்டு, நல்ல திடமான வெள்ளைப் புகை எழும்ப, கட்டிலைச் சுற்றி மூன்று தரம் கொண்டுவந்தாள்.

முனகல் நின்றது. அடுக்கில் பித்தளை எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. வண்டு எழுந்து நின்றது, தலைமாட்டுக் குடுவையில் இருந்த தேனை ஒரே இழுப்பில் குடித்து முடித்தது, கட்டிலை விட்டு இறங்கியது, திறந்திருந்த கதவு வழியாக வெளியே போய், பட்டாணிக் காட்டுக்குமேல் எழும்பி, கிழக்கு முகட்டைத் தாண்டி மறைந்தது. ஓடவில்லை, கோபப்படவில்லை. வீட்டில் தீப்பிடித்தால் நாம் என்ன செய்வோமோ அதைச் செய்தது.

"மண்ணுக்குள்ள இருக்கிற ஜீவனுக்குப் புகைன்னா காட்டுத்தீ" என்றார் சடையாண்டி மாமா. வண்டு தன் காட்டுக்குமேல் போகிறதைப் பார்த்துவிட்டு அவசரமாக ஏறி வந்திருந்தார். "திரும்பி வராது."

ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தோம், பிறகு குளிருக்குப் பயந்து சாத்தினோம். நான் பழையபடி ஐந்து சுற்றுச் சுற்றி மடியில் வைத்திருந்தேன். தெர்மாமீட்டர் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறரை, தொண்ணூற்றைந்து என்று படி இறங்கியது. பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆனது. அங்கம்மா மதினி தூபக்காலைக் கையில் பிடித்தபடியே மூலையில் உட்கார்ந்து, "என் கையாலேயே முடிச்சுட்டேனே, என் கையாலேயே முடிச்சுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பதினாறு நாள் அந்த வண்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவள் நான். எல்லாரும் அவளை மேலேயிருந்து பார்த்தார்கள், நான் ஒருத்திதான் தலையணையில் கன்னத்தை வைத்துக் கீழேயிருந்து பார்த்தேன். முதுகெல்லாம் கம்பளி, பக்கமெல்லாம் கம்பளி, ஆனால் வயிற்றில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மயிரே இல்லாமல் வெறும் தோல். அந்த வெறும் தோலைத்தான் என் பிள்ளைமேல் வைத்திருந்தாள். கம்பளி குளிருக்கு, தோல் பிள்ளைக்கு. நாங்களோ கம்பளியைப் பிள்ளைக்குச் சுற்றி, எங்கள் சூட்டை எங்கள் ஸ்வெட்டருக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டிருந்தோம்.

"மாமா, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றேன். ஐந்து சுற்றையும் அவிழ்த்தேன். என் ஸ்வெட்டரை, ரவிக்கையை எல்லாம் கழற்றிவிட்டு, பிள்ளையை வெறும் உடம்பாக என் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டு, எங்கள் இரண்டு பேருக்கும்மேல் கம்பளியைப் போர்த்தச் சொன்னேன். தெர்மாமீட்டர் இறங்கினது நின்றது. ஏறவில்லை. காலையில் தலைக்கு ஊற்றின உடம்பு, இரத்தம் போன உடம்பு, என் கையும் காலும் ஐஸாக இருந்தன.

மதினி தூபக்காலைக் கீழே வைத்தாள்.

"என்கிட்டக் குடு. நான் விடியக்காலையில இருந்து அடுப்படியில கிடக்கிறவ. கொதிக்குது எனக்கு."

கொடுத்தேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, பிள்ளையை நெஞ்சில் போட்டுக் கம்பளியை இழுத்துக்கொண்டாள். ஐந்து பிள்ளை பெற்றவள், அதில் இரண்டைக் குளிருக்குக் கொடுத்தவள், அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து ஒரு முனகல் வந்தது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அழுகை இப்படி ஒரே சீராக வராது. அடுக்கில் இருந்த சின்னச் சொம்பு மட்டும் முதலில் முனகியது, பிறகு பெரிய பானை.

நர்ஸம்மா வந்து கதவைத் திறந்து, புகை வாசத்தை முகர்ந்து, கட்டிலைப் பார்த்து, மதினியைப் பார்த்து, கம்பளிக்குள் தெர்மாமீட்டரை விட்டு எடுத்தார்.

"தொண்ணூத்தேழு. ஏறுது" என்றார். "எத்தனை நேரம் இப்படியே உக்காருவ அங்கம்மா? கால் மரத்துப்போகுமே."

கதவுக்கு வெளியிலிருந்து சடையாண்டி மாமா சொன்னார், "முறை போடுங்க."

எங்கள் ஊரில் ஓடைத் தண்ணீருக்கு முறை உண்டு. மேலே ஊற்றிலிருந்து வருகிற ஒரே வாய்க்காலை நாற்பத்தோரு வீடும் வீட்டுக்கு மூன்று மணி நேரம் என்று பிரித்துக்கொண்டு, சுமார் ஐந்து நாளுக்கு ஒரு தரம் சுற்றி வருகிற மாதிரி வைத்திருக்கிறோம். யாருக்கு எப்போது என்பது மடைக்காரர் பொன்னுராமன் தலைக்குள் இருக்கிறது. கல்யாணம், சாவு எது வந்தாலும் முறை நிற்காது, ஆள் மாறும், அவ்வளவுதான். அந்த முறையை அப்படியே தூக்கிப் பிள்ளைக்குப் போட்டார்கள். மழை பெய்த காட்டுக்கு அப்போது தண்ணீர் தேவைப்படவும் இல்லை.

நர்ஸம்மா மூன்று சட்டம் போட்டார்: கையும் நெஞ்சும் வெந்நீரில் கழுவ வேண்டும், இருமல் சளி உள்ளவர் பக்கத்தில் வரக்கூடாது, பீடி குடித்தவர் குளித்துவிட்டு வர வேண்டும். அந்தக் குளிரில் குளிப்பதற்குப் பதில் பாதிப் பேர் பீடியை விட்டார்கள். பொன்னுராமன் காலையில் தெருவில் நின்று, "எட்டு மணிக்குத் தங்கராசு வீடு, பதினொண்ணுக்கு வாத்தியார், ரெண்டுக்குப் பூசாரி" என்று மடை திறக்கிற குரலிலேயே கூவினார். முனகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. உட்கார்ந்தவர்களுக்குத் தானாக வந்தது. வாத்தியார் பதினாறாம் வாய்பாடு மாதிரி முனகினார், பூசாரி மணியடித்து ஓய்ந்த பிறகு கோயிலில் நிற்கிற சத்தம் மாதிரி முனகினார், சடையாண்டி மாமா தன் பவர் ஸ்பிரேயர் ஓடுகிற மாதிரியே முனகினார். ஒவ்வொருவருக்கும் பித்தளைப் பாத்திரம் வேறு வேறு சுருதியில் பதில் சொன்னது.

தண்ணீருக்கு வருகிற சண்டை எல்லாம் பிள்ளைக்கும் வந்தது.

"மணி அஞ்சே கால். என் முறை அஞ்சுக்கே ஆரம்பிச்சிருச்சு, குடுங்க."

"என் போன்ல இன்னும் அஞ்சு ஆகலை" என்றார் சடையாண்டி மாமா.

"உங்க போன்தான் சார்ஜ் இல்லாம மூணு நாளாச் செத்துக் கிடக்கே மாமா."

"பிள்ளை தூங்குறான். எழுப்பினா பாவம்."

"வாய்க்கால்ல திருடினது போதாதுன்னு இங்கயும் திருடுறீங்களா?"

அவர் கொடுத்துவிட்டு எழுந்தார். ஆனால் சட்டையைப் போட்டுக்கொள்ள அவருக்குக் கால் மணி நேரம் ஆனது, பொத்தானை அத்தனை மெதுவாகப் போட்டார்.

முறைக்கு உட்கார்ந்து போனவர்களின் வீட்டுக் கூரையில் பனி பிடிக்கவில்லை. முதலில் மதினி வீடு, பிறகு வாத்தியார் வீடு, பிறகு வரிசையாக. முனகல் அவர்கள் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது, பேசும்போது கேட்காது, பேச்சை நிறுத்தினால் கேட்கும். மாவுச் சட்டியை யாரும் எங்கள் சுவருக்குக் கொண்டுவரவில்லை, அவரவர் வீட்டிலேயே பொங்கியது. ஐந்தாறு நாளில் கொண்டைப்பாறையிலிருந்து விடியற்காலையில் கீழே பார்த்தவர்கள், காடெல்லாம் வெள்ளையாக, நடுவில் நாற்பத்தோரு கூரை மட்டும் கறுப்பாக நனைந்து ஆவி விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார்கள்.

இருபத்தெட்டாம் நாள் முகட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து நல்லதம்பி என்று ஒரு ஆட்டுக்காரர் நடந்தே வந்தார்.

"உங்க வண்டு எங்க பட்டியில இருக்கு. பனியில ரெண்டு குட்டி விழுந்துச்சு, ரெண்டு மேலயும் உக்காந்திருக்கா. இங்க பிள்ளைக்கு வேணும்னு கேள்விப்பட்டேன். வேணும்னா வந்து கூட்டிட்டுப் போங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மடியில் பிள்ளை இருந்திருந்தால் ஒருவேளை நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அவன் அப்போது என் வீட்டுக்காரர் நெஞ்சில் இருந்தான், பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிற அந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி முனகிக்கொண்டிருந்தார்.

"அங்கேயே இருக்கட்டும்" என்றேன். "குட்டிகளுக்கு வேற யாரு இருக்கா. இங்க ஆள் இருக்கு."

"அவளுக்கு எங்க மேல கோவமாண்ணே?" என்று அங்கம்மா மதினி கேட்டாள்.

"தெரியலையேத்தா. அவ என்னையத் திரும்பியே பாக்கலை. வேலையா இருந்தா."

மதினிக்கு அது போதுமாக இருந்தது. அவருக்கு ஒரு தூக்கு நிறைய இட்லி கட்டிக் கொடுத்தாள்.

முப்பத்தெட்டாம் நாள் ரோடு திறந்தது. மண்வெட்டுகிற மெஷின் முதலில் வந்தது, அதன் பின்னால் ஆம்புலன்ஸ், அதிலிருந்து ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, ஒரு கண்ணாடிப் பெட்டியோடு இறங்கினார். தொங்குதராசில் அவரே நிறுத்தார்: ஒரு கிலோ எண்ணூற்றைம்பது. இரண்டு தரம் நிறுத்துவிட்டு, நர்ஸம்மா நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். வெதுவெதுப்பாக வைக்கப்பட்டது, வெதுவெதுப்பாக வைக்கப்பட்டது என்று முப்பத்தெட்டு தரம் இருந்தது.

"எடை இன்னும் கம்மிதான்" என்றார். "ஒரு மணி நேரம் இவனைத் தனியா, சாதாரணத் துணியோட கட்டில்ல போடுங்க. யாரும் தொடக்கூடாது. சூடு நின்னா இங்கயே இருக்கட்டும். இறங்கிச்சுன்னா பெட்டியில வச்சுக் கீழ கொண்டுபோறேன். எத்தனை நாள்னு இப்பச் சொல்ல முடியாது."

பிறந்ததிலிருந்து அவனைத் தனியாக ஒரு நிமிஷம் போட்டதில்லை. ஒற்றைத் துணியோடு நடுக்கட்டிலில் வைத்துவிட்டு என் கையை எடுத்தபோது, கைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் ஊரே நின்றது. எல்லார் நெஞ்சும் சேர்ந்து ஜன்னல் கண்ணாடி அதிர முனகியதில் டாக்டரம்மா எரிச்சலாகி, வெளியில் என்ன மோட்டார் ஓடுகிறது, நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அடுக்கில் பாத்திரம் அமைதியானது. அந்தச் சாம்பிராணி நாளுக்குப் பிறகு வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை.

கால் மணி நேரம், தொண்ணூற்றெட்டு. அரை மணி நேரம், தொண்ணூற்றேழரை. டாக்டரம்மா பெட்டியின் மூடியைத் திறந்து தயாராக வைத்தார். நான் அந்த மூடியைப் பார்க்காமல் பிள்ளையையே பார்த்தேன். அவன் காலை உதைத்தான். துணி விலகியது. யாரும் தன்னைத் தொடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்த மாதிரி, முகத்தைச் சுளித்து, முஷ்டியை இறுக்கி, உச்சந்தலைவரை சிவந்து, அழுதான். முப்பத்தெட்டு நாளில் சிணுங்கியிருக்கிறான், சப்புக்கொட்டியிருக்கிறான். இது தெருவுக்குக் கேட்கிற, நாலு படிக்கட்டுக் காட்டுக்குக் கேட்கிற அழுகை. தூக்கப் போன என் கையை நர்ஸம்மா பிடித்துக்கொண்டார்.

"அழட்டும். அதுக்குள்ள சூடு இருக்கு."

முக்கால் மணி நேரம், தொண்ணூற்றெட்டு. ஒரு மணி நேரம், தொண்ணூற்றெட்டரை.

டாக்டரம்மா பெட்டியை மூடினார். "இவன் சூட்டை இவனே வச்சுக்கிறான்" என்றார். "வாரா வாரம் எடை பாத்து எனக்குச் சொல்லுங்க. போதும்."

ஊர் மூச்சை விட்டது. பாத்திரமெல்லாம் ஒரேயடியாக முனகத் தொடங்கியதில் டாக்டரம்மா திடுக்கிட்டு அடுக்கைத் திரும்பிப் பார்த்தார். மதினி ஒரு டம்ளர் காப்பியைக் கையில் கொடுத்தாள், அவர் குடித்தார்.

ஆம்புலன்ஸ் போனபிறகு பார்த்தால் மதினி நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். கை கழுவியிருந்தாள், ஸ்வெட்டர் பொத்தானைக் கழற்றியிருந்தாள். அன்றைக்குப் பதினொன்றிலிருந்து அவள் முறை.

"இனி வேணாம்ல" என்றாள். "அவனே வச்சுக்கிறானாமே."

அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தவனை நான் தூக்கினேன். நெற்றி, முதுகு, பாதம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் சூடு, யாருடையதும் இல்லை, அவனுடையது.

"முறைன்னா முறைதான் மதினி" என்றேன். "உக்காருங்க."

அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கம்பளியை இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு மணிக்கு என்னது" என்றார் வாசலில் இருந்து சடையாண்டி மாமா. "சரியா ரெண்டுக்கு. ஆம்புலன்ஸ்ல போனைச் சார்ஜ் போட்டுட்டேன்."